மனித உடலும் மருத்துவ அறிவியலும்: பொது அறிவுத் தேர்வு எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டி.என்.பி.எஸ்.சி., ரயில்வே, செவிலியர், ஆய்வக நுட்பநர் எனப் பல பணித்தேர்வுகளில் மனித உடலையும் மருத்துவத்தையும் பற்றிய கேள்விகள் தவறாமல் இடம்பெறுகின்றன. அவற்றுக்குத் தயாராவோர் திரும்பத் திரும்ப எழுப்பும் ஐயங்களும் உரிய விளக்கங்களும் இங்கே உள்ளன. ஒற்றைவரி விடைகள் எந்த வினா வங்கியிலும் கிடைத்துவிடும் என்பதால், ஒரு விடை எந்த நிபந்தனைக்கு உட்பட்டுச் சரியாகிறது என்பதற்கே இப்பக்கத்தில் முதலிடம் தரப்பட்டுள்ளது.

நன்றாகத் தெரிந்த கேள்விக்கே தவறான விடையைக் குறித்துவிடுகிறோமே, ஏன்?

கேள்வியில் உள்ள ஓர் அடைமொழியைக் கண் தாண்டிவிடுவதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். உடலின் மிகப் பெரிய உறுப்பு எது என்றால் தோல். மிகப் பெரிய உள்ளுறுப்பு எது என்றாலும், மிகப் பெரிய சுரப்பி எது என்றாலும், ஏறத்தாழ ஒன்றரை கிலோ எடையுள்ள கல்லீரல். மிகப் பெரிய நாளமில்லாச் சுரப்பி எது என்றால் தைராய்டு. இவை மூன்றையும் ஒரே கேள்வியின் கீழ் வரிசையாகத் தருவது வினாத்தாள் தயாரிப்போருக்குப் பிடித்தமான வேலை. நான்காவதாகக் கணையம் வந்து நிற்கும். அது செரிமான நீரை நாளத்தின் வழியே குடலுக்கும், இன்சுலினை நாளமின்றி நேரே இரத்தத்துக்கும் அனுப்புவதால், இருவகைச் சுரப்பியாகவும் செயல்படுவது எது என்ற கேள்விக்கே அது உரிய விடை.

எலும்புகள் 206 என்பது எல்லோருக்கும் பொருந்துமா?

வளர்ந்தவர்களுக்குப் பொதுவாகப் பொருந்தும். பிறந்த குழந்தையிடம் எண்ணும் முறையைப் பொறுத்து 270 முதல் 300 வரை எலும்புத் துண்டுகள் இருக்கும். வளர வளர அவற்றுள் பல ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. இடுப்பின் பின்புறம் ஐந்து முள்ளெலும்புகள் சேர்ந்து ஒரே முக்கோண எலும்பாகின்றன; அதற்குக் கீழே நான்கு சிறு முள்ளெலும்புகள் சேர்ந்து வால் எலும்பாகின்றன. முதுகெலும்புத் தொடரில் உள்ள எலும்புகள் 33 என்று ஒரு நூலும் 26 என்று இன்னொரு நூலும் சொல்வது இதனால்தான். இணைவதற்கு முன் எண்ணினால் 33, இணைந்தபின் எண்ணினால் 26; இரண்டுமே சரி. கழுத்துப் பகுதியில் கூடுதலாக ஒரு விலா எலும்போடு பிறப்பவர்களும் உண்டு. ஆகவே 206 என்பதைப் பெரும்பான்மையோருக்கு உரிய எண்ணாகக் கொள்வதே முறை. மிக நீளமானது தொடை எலும்பு, மிகச் சிறியது நடுச்செவியில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவே உள்ள அங்கவடி எலும்பு, வேறு எந்த எலும்போடும் மூட்டாக இணையாதது நாவடி எலும்பு.

குரோமோசோம்களின் எண்ணிக்கை ஒரு காலத்தில் 48 என்று கற்பிக்கப்பட்டது உண்மையா?

உண்மைதான். 1920-களில் அமெரிக்க உயிரியலாளர் தியோஃபிலஸ் பெயின்டர் 48 என்று அறிவித்தபின், சுமார் முப்பது ஆண்டுகள் பாடநூல்கள் அதையே அச்சிட்டுவந்தன. உயிரணுவின் குரோமோசோம்கள் நுண்ணோக்கியில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்ததால் எண்ணுவது கடினமாக இருந்தது. செல்லை வீங்கச் செய்து குரோமோசோம்களைப் பிரித்துப் பரப்பும் முறை வந்தபின், சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் டிஜியோ, ஆல்பர்ட் லெவான் ஆகியோர் சரியான எண்ணிக்கை 46 என்று 1956-இல் வெளியிட்டனர். சரியான எண்ணிக்கை தெரிந்த பிறகுதான் அதிலிருந்து விலகியவற்றையும் கண்டறிய முடிந்தது. 1959-இல் பிரான்சின் ஜெரோம் லெஜுன் குழுவினர், டவுன் நோய்க்கூட்டம் உள்ளவர்களிடம் 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருந்து மொத்தம் 47 ஆவதைக் காட்டினர்.

இதையொட்டி வரும் கேள்வி குழந்தையின் பாலினத்தைத் தீர்மானிப்பது யார் என்பது. தாயின் கருமுட்டை எப்போதும் எக்ஸ் குரோமோசோமையே தருகிறது. தந்தையின் விந்தணு எக்ஸ், ஒய் இரண்டில் ஒன்றைக் கொண்டுவருகிறது. பெண் குழந்தை பிறந்ததற்கு மருமகளைக் குறை சொல்லும் வீடுகள் இன்னும் இருப்பதால், ஒரு மதிப்பெண்ணுக்கு அப்பாலும் தெரிந்திருக்க வேண்டிய விடை இது.

உடல் வெப்பநிலை 98.6 டிகிரி என்பது அவ்வளவு துல்லியமான எண்ணா?

ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிச், சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்துத் திரட்டிய அளவுகளைக் கொண்டு 1868-இல் 37 டிகிரி செல்சியஸ் என்ற சராசரியை முன்வைத்தார். முழு எண்ணாகச் சொல்லப்பட்ட அந்த 37 ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றப்பட்டபோது 98.6 ஆயிற்று, தசமப் புள்ளி வந்ததும் இல்லாத துல்லியமும் கூடவே வந்துவிட்டது. உண்மையில் நம் உடல் வெப்பம் அதிகாலையில் குறைந்தும் மாலையில் கூடியும் காணப்படும். வாய், அக்குள், ஆசனவாய் என அளக்கும் இடத்தைப் பொறுத்தும் மாறும். அண்மைக்கால ஆய்வுகள் சராசரியை 37-க்குச் சற்றுக் கீழேயே வைக்கின்றன. தேர்வில் 98.6 அல்லது 37 என்றே குறிக்கவும். வீட்டில் 99 காட்டினால் உடனே காய்ச்சல் என்று முடிவு கட்ட வேண்டாம்.

தமனியில் தூய இரத்தம், சிரையில் அசுத்த இரத்தம் என்று படித்தது சரியா?

அந்த வரையறையோடு தேர்வுக்குப் போனால் நுரையீரல் தமனியில் மாட்டிக்கொள்வீர்கள். இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்துச் செல்வது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை; திசைதான் வரையறை. நுரையீரல் தமனி ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தையும், நுரையீரல் சிரை ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தையும் சுமக்கின்றன. சிரை தோலுக்கு மேல் நீலமாகத் தெரிவதும் உள்ளே நீல இரத்தம் ஓடுவதால் அன்று. ஊசி போட்டு எடுக்கும்போது வருவது அடர்சிவப்பு இரத்தமே. தோல் ஒளியைச் சிதறடிக்கும் விதமே அந்த நீலத் தோற்றத்தை உண்டாக்குகிறது. இரத்த ஓட்டத்தை வில்லியம் ஹார்வி 1628-இல் விளக்கினார். தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளை 1661-இல் நுண்ணோக்கியில் கண்டவர் மார்செல்லோ மால்பிஜி.

இரத்த அழுத்தம் 120/80 என்பதில் உள்ள இரண்டு எண்களும் எதைக் குறிக்கின்றன?

அளக்கும் முறையைப் பார்த்தால் மனப்பாடம் தேவைப்படாது. கைப்பட்டையை மேற்கையில் சுற்றி, மணிக்கட்டு நாடி மறையும் அளவைத் தாண்டிக் காற்றை ஏற்றும்போது, மேற்கைத் தமனி முழுதாக அழுந்தி இரத்த ஓட்டம் நிற்கிறது. முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் காற்றை மெல்ல, நொடிக்கு 2 மில்லிமீட்டர் பாதரச அளவில், இறக்கிக்கொண்டே வர வேண்டும். முதலில் ஒன்றும் கேட்காது. இதயம் சுருங்கும்போது உண்டாகும் அழுத்தம் பட்டையின் அழுத்தத்தை மிஞ்சும் கணத்தில், குறுகிய தமனிக்குள் இரத்தம் பீறிட்டுப் பாய்ந்து ‘டக்’ என்ற முதல் ஒலி எழுகிறது. அந்த அளவே மேல் எண். தொடர்ந்து இறக்கினால் ஒலி மங்கி, தமனி முழுதும் திறந்து இரத்தம் தடையின்றி ஓடத் தொடங்கியதும் மறைந்துவிடும்; ஒலி மறையும் அளவு, இதயம் தளர்ந்திருக்கும்போது உள்ள அழுத்தமாகிய கீழ் எண். கைப்பட்டை முறையை 1896-இல் இத்தாலியின் ரிவா-ரோச்சியும், ஒலியைக் கேட்டு அளக்கும் முறையை 1905-இல் ரஷ்ய மருத்துவர் கோரட்காஃப்பும் தந்தனர்.

மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு, சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே அளந்தால் எண் கூடுதலாகவே காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்தபின், கையை இதய மட்டத்தில் தாங்கி வைத்து அளப்பதே முறை.

இதே பகுதியில் வரும் ‘லப்-டப்’ கேள்விக்கும் விடை: லப் என்பது ஈரிதழ், மூவிதழ் வால்வுகள் மூடும் ஒலி, டப் என்பது அரைச்சந்திர வால்வுகள் மூடும் ஒலி.

எல்லோருக்கும் இரத்தம் தரக்கூடியவர் ‘ஓ’ வகையினர் என்பதில் என்ன குறை?

மூன்று குறைகள் உள்ளன. சிவப்பணுக்களைப் பொறுத்தவரை ‘ஓ நெகட்டிவ்’ என்பதே சரி. ‘ஓ பாசிட்டிவ்’ இரத்தத்தை ஆர்எச் நெகட்டிவ் உள்ளவருக்கு, அதாவது சிவப்பணுவில் ‘டி’ என்ற ஆன்டிஜென் (இரத்த வகையைக் காட்டும் அடையாளப் பொருள்) இல்லாதவருக்கு, ஏற்றினால் அவர் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கக்கூடும். பிளாஸ்மாவைப் பொறுத்தவரை கணக்கு தலைகீழாகும்: ‘ஓ’ வகையின் பிளாஸ்மாவில் ஏ, பி இரண்டுக்கும் எதிரான பொருள்கள் இருப்பதாலும், ‘ஏபி’ வகையில் அவை இரண்டும் இல்லாததாலும், பிளாஸ்மாவைப் பொதுவாகத் தரக்கூடியவர் ‘ஏபி’ வகையினரே. மூன்றாவது குறை பம்பாய் இரத்த வகை; அதன் விளக்கம் தகட்டுச் சோதனைக்குப் பின் வருகிறது.

இரத்த வகை பார்ப்பதை ஆய்வகத்தில் ஒருமுறை நேரில் கண்டவருக்கு இப்பாடம் மறக்காது. கண்ணாடித் தகட்டில் மூன்று துளி இரத்தம். அவற்றின்மேல் நீல நிற ஆன்டி-ஏ, மஞ்சள் நிற ஆன்டி-பி, நிறமற்ற ஆன்டி-டி ஆகிய திரவங்களில் தலா ஒரு துளி. குச்சியால் கலக்கித் தகட்டை இப்படியும் அப்படியும் சாய்த்தால், உரிய ஆன்டிஜென் உள்ள துளி சற்று நேரத்தில் மணல் மணலாகத் திரிந்து நிற்கும். இல்லாத துளி வழவழப்பாகவே இருக்கும். முதல் துளியும் மூன்றாம் துளியும் திரிந்தால் ‘ஏ பாசிட்டிவ்’. மூன்றுமே திரியாவிட்டால் ‘ஓ நெகட்டிவ்’.

ஏ, பி ஆன்டிஜென்கள் இரண்டும் ‘எச்’ என்ற அடிப்படைப் பொருளின்மேல் உருவாகின்றன. ‘ஓ’ வகையினரிடம் அந்த எச் அப்படியே இருக்கும். அதுவும் இல்லாத சிலரை 1952-இல் மும்பையில் மருத்துவர் ஒய். எம். பெண்டேயும் குழுவினரும் கண்டறிந்ததால் அந்த வகைக்குப் பம்பாய் வகை என்று பெயர் வந்தது. மேற்சொன்ன தகட்டுச் சோதனையில் இவர்கள் ‘ஓ’ போலவே தோன்றுவார்கள். ஆனால் இவர்களுக்கு ‘ஓ’ இரத்தத்தை ஏற்றினால் அதிலுள்ள எச் பொருளை உடல் எதிர்த்து உயிருக்கே ஆபத்தாகும். பம்பாய் வகை உள்ளவருக்குப் பம்பாய் வகையே ஏற்ற வேண்டும். இரத்தம் ஏற்றுமுன் பெறுபவர், தருபவர் இருவரின் மாதிரிகளையும் கலந்து பார்க்கும் பொருத்தச் சோதனை கட்டாயமாக இருப்பதன் தேவை இதிலிருந்தே விளங்கும்.

வகைகளைக் கண்டறிந்த கார்ல் லான்ட்ஸ்டெய்னர் 1901-இல் மூன்று வகைகளையே விவரித்தார். நான்காவதான ‘ஏபி’ மறு ஆண்டு அவர் வட்டத்தினரான டெகாஸ்டெல்லோ, ஸ்டுர்லி ஆகியோரால் சேர்க்கப்பட்டது. லான்ட்ஸ்டெய்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1930-இல். அவர் பிறந்த ஜூன் 14 உலக இரத்த தான நாள்.

இந்தியாவில் இரத்த தானத்துக்கு உள்ள நிபந்தனைகள் யாவை?

வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 கிராம். ஒரு தானத்துக்கும் அடுத்த தானத்துக்கும் இடையே ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும்.

மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை ஏன் மூன்று மாதத்தைக் காட்டுகிறது?

சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்ற ஒரு மதிப்பெண் விடையில்தான் இதற்கும் பதில் இருக்கிறது. இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் ஹீமோகுளோபினோடு மெதுவாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது அந்த அணு அழியும்வரை விலகுவதில்லை. எச்பிஏ1சி சோதனை அப்படி ஒட்டிய பங்கை விழுக்காட்டில் சொல்வதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரியவருகிறது. சோதனைக்கு முதல் நாள் மட்டும் இனிப்பைத் தவிர்த்து இந்தச் சோதனையை ஏமாற்ற முடியாது. 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்தைய நிலை. அணுக்களின் ஆயுளையே மாற்றிவிடும் சில இரத்தசோகை நோய்களிலும், அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடமும் இந்த எண்ணை நம்ப இயலாது.

இன்சுலினைப் பிரித்தெடுத்தவர்கள் என்றால் ஃபிரெடெரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட், 1921, டொரான்டோ. நோபல் பரிசு பெற்றவர்கள் என்று கேட்டால் பான்டிங்கும் ஜான் மெக்லியோடும், 1923. பெஸ்டின் பெயர் அதில் இல்லை.

மருத்துவ நோபல் பரிசுக் கேள்விகளில் எங்கே தடுமாறுகிறார்கள்?

கண்டுபிடிப்பு மருத்துவத்துக்குப் பயன்பட்டால் பரிசும் மருத்துவத்துக்கே என்று எண்ணிவிடுகிறார்கள். எக்ஸ் கதிரை 1895-இல் கண்ட ரான்ட்ஜென் பெற்றது 1901-ஆம் ஆண்டின் முதல் இயற்பியல் பரிசு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், செல்லுக்குள் புரதம் உருவாகும் இடமாகிய ரைபோசோமின் அமைப்பை விளக்கியதற்கு 2009-இல் பெற்றது வேதியியல் பரிசு. ஹர் கோபிந்த் குரானா 1968-இல் பகிர்ந்துகொண்டது மருத்துவப் பரிசு. மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் உடலுக்குள் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கண்ட ரொனால்ட் ராஸ், 1902-இல் மருத்துவப் பரிசு பெற்றார்.

வயிற்றுப்புண் பற்றிய 2005-ஆம் ஆண்டுப் பரிசும் அடிக்கடி கேட்கப்படுகிறது. காரமும் கவலையுமே வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்று மருத்துவ உலகமே நம்பிய காலத்தில், ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைச் சுட்டிக்காட்டினர்; நம்புவார் குறைவாக இருந்ததால் மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமி வளர்ந்த திரவத்தைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். இக்கிருமிக்கு அடுத்தபடியாக வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குவதும் முக்கியக் காரணம்.

வயிற்றுப்போக்குக்கு வெறும் தண்ணீர் போதாதா? உப்புச் சர்க்கரைக் கரைசல் எதற்கு?

சிறுகுடலின் உட்சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு புரதம் உள்ளது. அவை போகும் வழியில் தண்ணீரும் பின்தொடர்கிறது. காலரா போன்ற கடும் வயிற்றுப்போக்கிலும் இந்த வழி பழுதாவதில்லை. ஆகவே உப்பும் சர்க்கரையும் உரிய விகிதத்தில் இருந்தால்தான் குடித்த நீர் உடலில் சேரும். சர்க்கரை மிகுந்தால் குடலே உடலிலிருந்து நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். குளிர்பானம் இதற்கு மருந்தாகாததன் காரணம் இது. 1971-இல் வங்கதேச அகதிகள் திரண்டிருந்த மேற்கு வங்கத்தின் பங்கான் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துவந்தபோது, மருத்துவர் திலீப் மகலனோபிஸ் இக்கரைசலை வாய்வழியாகவே கொடுக்கச் செய்து ஏராளமானோரைக் காப்பாற்றினார்.

இக்கரைசலுக்கான பொடிப் பொட்டலம் (ஓ.ஆர்.எஸ்.) கிடைக்காதபோது ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவில் கலக்க வேண்டும். பொட்டலம் இருந்தால், ஒரு லிட்டருக்கானதை அரை லிட்டரில் கரைத்துவிடும் தவறு கூடாது. குழந்தைகளுக்கு இதனோடு துத்தநாக மாத்திரை 14 நாள் தரப்படுகிறது.

சளி, காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் ஏன் கூடாது?

சாதாரணச் சளிக்கும் ஃப்ளூவுக்கும் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவின் உறுப்புகளைத் தாக்குவது. வைரஸிடம் அந்த உறுப்புகளே இல்லை.

கண் தானத்தில் முழுக் கண்ணும் பொருத்தப்படுகிறதா?

இல்லை. கருவிழியின் முன்னுள்ள ஒளிபுகும் படலமாகிய கார்னியா மட்டுமே பொருத்தப்படுகிறது. அதில் இரத்தக் குழாய்கள் இல்லாததால், மற்ற உறுப்புகளைவிட அதை உடல் ஏற்றுக்கொள்வது எளிது. ஆகவே கார்னியா பழுதானவருக்கே இத்தானம் பார்வை தரும். பார்வை நரம்போ விழித்திரையோ கெட்டவருக்கு உதவாது. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி வைத்தால் கார்னியா உலராமல் இருக்கும். கண்ணாடி அணிந்தவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர், நீரிழிவு உள்ளவர் எவரும் தரலாம்.

தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றிலிருந்து எவற்றைப் படிக்க வேண்டும்?

சென்னை மருத்துவக் கல்லூரி 1835-இல் தொடங்கியது. அங்கே 1912-இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ஆய்வு மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது.

வினா வங்கிகள் போதிய இடம் தராத ஒன்று சென்னைக் காசநோய் ஆய்வு. காசநோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, நல்ல காற்றும் ஊட்டமான உணவும் உள்ள நலவாழ்வு இல்லத்தில் மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பதே அன்றைய மருத்துவ வழக்கம். நோயாளிகளின் எண்ணிக்கைக்கு இந்தியாவில் படுக்கைகள் கட்டுப்படியாகாத நிலையில், 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் நிறுவப்பட்டது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை நலவாழ்வு இல்லத்திலும், மற்றொன்றை நெருக்கடியான சொந்த வீடுகளிலும் வைத்து, இரு பிரிவுக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். 1959-இல் வெளியான முடிவின்படி, வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தனர். அவர்களோடு வாழ்ந்தவர்களுக்கு நோய் தொற்றியதும் கூடுதலாக இல்லை. உலகெங்கும் காச நலவாழ்வு இல்லங்கள் மூடப்பட இந்த முடிவு ஒரு முக்கியக் காரணமாயிற்று. அந்த மையமே இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோச் அறிவித்த 1882 மார்ச் 24 என்ற நாள் மட்டும் கேட்கப்படுவதும், சேத்துப்பட்டு விடுபடுவதும் சரியன்று.

இரண்டு நூல்களில் இரண்டு எண்கள் இருந்தால் எதைக் குறிப்பது?

மாநிலத் தேர்வுகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பாடநூலில் உள்ளதைக் குறிப்பதே பாதுகாப்பானது. சிறுகுடலின் நீளம், மூளையின் எடை, இரத்தத்தின் அளவு போன்றவை ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், விருப்பங்களுள் பாடநூல் எண்ணுக்கு மிக அருகில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். தற்காலிக விடைக்குறிப்பில் தவறு தெரிந்தால் அறிவிக்கப்பட்ட நாளுக்குள் ஆட்சேபம் அனுப்ப வழியுண்டு. அதற்கு வினா வங்கியைச் சான்றாகக் காட்டுவதைவிடப் பாடநூலின் வகுப்பு, பாடம், பக்க எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு அப்பக்கத்தின் படியையும் இணைப்பதே பலன் தரும்.